யார் பேச்சு எடுபடும்?

(குன்னூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மழையையும் பொருட்படுத்தாமல், கடைசி பஸ் கிடைக்குமா என்ற கவலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கோத்தகிரியிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். கூடலூரிலிருந்தும் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இன்று குற்றக்கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, அமெரிக்காவின் பெருநகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பேட்டைகளைக் களமாகக் கொண்ட கொலைக்கதைகள், மர்மக்கதைகள். நியூயார்க்கின் ஹார்லெமுக்கும் நம் நீலகிரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கதைகளைப் படித்த பிறகுதான் நம் மலையைப் பற்றி இதுவரை எழுதப்படாத கதை எது என்று எனக்குத் தெரிந்தது.

நாம் படித்து வளர்ந்த துப்பறியும் கதை ஒரே கேள்வியை வைத்து நகரும். யார் செய்தது? கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து நடந்ததைச் சொல்வார். அவர் சொன்னதும் குற்றவாளியின் முகம் வெளுக்கும், இன்ஸ்பெக்டர் விலங்கை எடுப்பார், கதை முடியும். உண்மை தெரிந்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கதை நிற்கிறது.

ஹார்லெமைப் பற்றி எழுதியவர்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. அவர்கள் காட்டிய தெருவில் யார் செய்தது என்பது பெரும்பாலும் தெருவுக்கே தெரியும். தெரிந்தவன் சொன்னால் கேட்பார்களா, கேட்டால் நம்புவார்களா, நம்பினாலும் எழுதிக்கொள்வார்களா என்பதுதான் தெரியாது. அங்கே கதையின் கேள்வி மாறிவிடுகிறது. யார் செய்தது என்பதற்குப் பதிலாக, யார் பேச்சு எடுபடும் என்பதே கேள்வி. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். இந்தக் கேள்வியை வைத்து எழுதினால், நம் மலையின் குற்றக்கதை வேறு ஒன்றாக இருக்கும்.

முதலில் ஹார்லெம். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1970 வரைக்கும் ஏறக்குறைய 60 லட்சம் பேர். அவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று ஹார்லெம். வாடகை அதிகம், வேலை குறைவு, போலீஸ் பெரும்பாலும் வெள்ளைக்காரப் போலீஸ்.

1935 மார்ச் மாதம் 19ஆம் தேதி, 125ஆம் தெருவில் இருந்த ஒரு கடையில் 16 வயதுப் பையன் ஒருவன் சின்னப் பேனாக்கத்தி ஒன்றைத் திருடியதாகப் பிடிபட்டான். பிறகு அவனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். பையனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று வெளியே பேச்சு பரவியது. பையன் உயிரோடு இருக்கிறான் என்று போலீஸ் சொன்னது. அது உண்மைதான். ஆனால் ஒருவரும் நம்பவில்லை. அன்றிரவு ஹார்லெமில் கலவரம் மூண்டது. பிறகு நகர மேயர் அமைத்த விசாரணைக் குழு, வேலையில்லாமையும் பாகுபாடும் போலீஸின் நடத்தையும்தான் கலவரத்துக்கு மூலகாரணம் என்று கண்டது. நீண்ட காலம் ஒரு மக்களின் பேச்சைக் கேட்காத போலீஸ், ஒருநாள் உண்மையைச் சொன்னபோதும் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. ஹார்லெம் குற்றக்கதை எந்த மண்ணில் முளைத்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும்.

அந்த மண்ணை உலகத்துக்குக் காட்டியவர் செஸ்டர் ஹைம்ஸ். 1909இல் பிறந்தவர். 19 வயதில் ஆயுதத்தோடு கொள்ளையடித்த வழக்கில் 20 முதல் 25 ஆண்டு வரை தண்டனை பெற்று ஒஹையோ சிறைக்குப் போனார். 1930இல் அந்தச் சிறையில் பிடித்த தீயில் 300க்கும் மேற்பட்ட கைதிகள் செத்தார்கள். ஹைம்ஸ் உயிர் தப்பினார். சிறைக்குள்ளிருந்தே கதை எழுதினார். அந்தத் தீயைப் பற்றிய அவருடைய கதை 1934இல் ‘எஸ்க்வயர்’ பத்திரிகையில் வந்தது. 1936இல் வெளியே வந்து நாவல்கள் எழுதினார். சொந்த நாட்டில் மதிப்புக் கிடைக்காமல் 1953இல் பிரான்ஸ் போனார். அங்கே மார்செல் துயமேல் என்ற பதிப்பாசிரியர், எங்கள் குற்றக்கதை வரிசைக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பிழைப்புக்காக ஹைம்ஸ் ஒப்புக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 1957இல் வந்த ‘எ ரேஜ் இன் ஹார்லெம்’. அடுத்த ஆண்டே பிரான்ஸில் குற்றக்கதைக்கான பெரிய பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்த நாவலின் ஆரம்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜாக்சன் என்று ஒருவன். பிணம் அடக்கம் செய்து கொடுப்பவரிடம் வேலை. கடவுள் பக்தி உள்ளவன், காதலியின் மேல் உயிரையே வைத்திருப்பவன். பத்து டாலர் நோட்டை நூறு டாலர் நோட்டாக மாற்றித் தருவதாக ஒரு கும்பல் அவனிடம் சொல்கிறது. சேர்த்து வைத்த பணம் மொத்தத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறான். நோட்டுகளை அடுப்புக்குள் வைக்கிறார்கள், அடுப்பு வெடிக்கிறது. உடனே அதிகாரி வேடத்தில் ஒருவன் நுழைந்து கைது செய்வதாக மிரட்டுகிறான். அவனுக்கு லஞ்சம் கொடுப்பதற்காக ஜாக்சன் முதலாளியின் பணத்தைத் திருடுகிறான். திருடிய பணத்தை மீட்க சூதாடுகிறான், அதையும் தோற்கிறான். ஒரே நாளில், ஒரு தப்பும் செய்யாதவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏமாந்த கணத்திலேயே ஜாக்சன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் கதையே இல்லை. அவன் போகவில்லை. போகவும் முடியாது. நோட்டு மாற்றப் போனவன் நீதானே என்று அவனைத்தான் உள்ளே வைப்பார்கள். நம் ஊரில் சீட்டுக் கம்பெனியில் பணத்தைத் தொலைத்தவர்களை, வெளிநாட்டு வேலைக்கு என்று ஏஜென்ட்டிடம் நகையை விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர்களில் எத்தனை பேர் புகார் எழுதிக் கொடுத்தார்கள்? ஜாக்சனை நாம் ஹார்லெமில் தேட வேண்டியதில்லை.

ஹைம்ஸின் துப்பறிவாளர்கள் இரண்டு பேர். சவப்பெட்டி எட், குழிவெட்டி ஜோன்ஸ் என்று பட்டப்பெயர். இருவரும் கறுப்பினப் போலீஸ்காரர்கள். மேலதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். தெருவுக்கு இவர்கள் அரசாங்கத்து ஆட்கள், அரசாங்கத்துக்கு இவர்கள் தெருவின் ஆட்கள். இரு பக்கமும் முழுதாக நம்பாத இருவர் உண்மையைத் தேடுகிறார்கள். சொந்த மக்களின் மேலேயே கைநீட்டுகிறார்கள். அதையும் ஹைம்ஸ் மறைக்கவில்லை. ஒவ்வொரு நாவலாக அவர்களால் முடிவது குறைந்துகொண்டே வருகிறது. 1969இல் வந்த ‘பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்’ நாவலில் அவர்களால் எந்த வழக்கையும் முடிக்க முடிவதில்லை. குற்றத்தின் வேர் தங்கள் அதிகாரத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிகிறது. விடை தெரியாமலே முடியும் துப்பறியும் நாவலை எழுதும் துணிச்சல் ஹைம்ஸுக்கு இருந்தது.

ஹைம்ஸுக்கும் முன்னால் ஒருவர் உண்டு. ருடால்ஃப் ஃபிஷர். மருத்துவர். 1932இல் அவர் எழுதிய நாவல் ‘தி கான்ஜர் மேன் டைஸ்’. அதில் வரும் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். துப்பறியும் அதிகாரி, அவருக்கு உதவும் டாக்டர், சந்தேகத்துக்கு ஆளானவர்கள், செத்தவர் எல்லாருமே. கதை ஒரு மாந்திரீகர் கொலை செய்யப்பட்டார் என்ற செய்தியோடு தொடங்குகிறது. குறி சொல்பவர், மந்திரம் வைப்பவர் என்று ஊர் அஞ்சிய மனிதர். ஃபிஷர் அவரைப் பூச்சாண்டியாகக் காட்டவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், ஹார்வர்டில் படித்தவர், ஆழ்ந்து யோசிப்பவர் என்று அவருக்கு ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார்.

இந்த நாவலைப் படிக்கும்போது எனக்கு நம் மலைதான் நினைவுக்கு வந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர்களைப் பற்றிய பகுதி இருக்கிறது. சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் 1835இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. 1875இலும் 1882இலும் இப்படிப்பட்ட கொலைகள் நடந்தன. 1900இல் ஒரு குறும்பர் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டது. குடும்பத் தலைவர் பச்சிலை மருத்துவம் தெரிந்தவர். பக்கத்து ஊரில் நோயும் சாவும் வந்ததற்கு அவரே காரணம் என்று நம்பினார்கள். சுற்றுவட்டாரம் முழுவதும் கொலை செய்தவர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே கஷ்டமாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

இதை எந்தச் சமூகத்தின் மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அம்மை போன்ற கொள்ளைநோய்கள் மலையில் புகுந்து, மருந்தும் மருத்துவரும் இல்லாத காலம் அது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் யாரையாவது காரணம் காட்டத் தேடியது. அதே ஊரில் விதைப்புக் காலத்தில் முதல் விதையைத் தூவக் குறும்பரைத்தான் மரியாதையோடு அழைத்து வந்தார்கள். அவர் கைபட்டால் விளையும் என்ற நம்பிக்கைதான், அவர் கண்பட்டால் சாவும் வரும் என்ற அச்சமாகவும் மாறியது.

நாம் படிக்கும் கொலைக்கதைகளில் இதைவிடக் கனமான கதை எது? இங்கே யார் செய்தது என்பதில் மர்மமே இல்லை. ஊருக்கே தெரியும். காட்டுக்குள் தப்பிப் பிழைத்திருந்த உறவினர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவர் காட்டைவிட்டு இறங்கி வந்து, கச்சேரிக் கட்டடத்தில் ஏறி, தன் மொழி தெரியாத அதிகாரியின் முன்னால் நின்று சொல்வாரா? சொன்னால் மறுபடி அதே காட்டுப் பாதையில் திரும்பிப் போக முடியுமா? பயத்தில் நெஞ்சு படபடக்க வைக்கும் கதை இதுதான். ஹார்லெமில் இப்படிப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி ஃபிஷர் எழுதினார். நீலகிரியில் இன்னும் எழுதப்படவில்லை.

நம்மிடம் குற்றக்கதை மரபு இல்லாமல் இல்லை. 1894இல் நடேச சாஸ்திரி ‘தானவன்’ எழுதியதிலிருந்து தமிழில் துப்பறியும் கதை உண்டு. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு தலைமுறை அதை வளர்த்தது. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடர் வழியே சுஜாதாவின் கணேஷ் வந்தார். மலைக்குக் கீழே கோவையில் இருந்துகொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் படித்து முடித்து, ஊட்டியில் இறங்கிய வாசகர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்த எழுத்தாளர்கள் எல்லாரையும் நான் மதிக்கிறேன். வாசிக்கும் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுபோனவர்கள் அவர்கள்.

ஆனால் நான் படித்த கதைகளில் பெரும்பாலானவற்றில் நீலகிரி வெறும் பின்னணிதான். தேனிலவுக்கு வந்த ஜோடி, தனித்து நிற்கும் பங்களா, டால்பின் நோஸ் பாறையிலிருந்து தள்ளிவிடும் கை, பனிமூட்டத்தில் மறையும் கார். சினிமாவிலும் அப்படித்தான். 1980இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ அருமையான படம். அதில் கூட ஊட்டி என்பது ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்து அடைத்து வைக்கும் பங்களாதான். குற்றவாளியும் மேலே வருகிறான், பலியானவரும் மேலே வருகிறார், துப்பறிவாளரும் மேலே வருகிறார். வேலை முடிந்ததும் எல்லாரும் கீழே இறங்கிவிடுகிறார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவர்களுக்கு அந்தக் கதைகளில் கேட் திறந்துவிடும் வேலைதான்.

கேட் என்றதும் உங்களுக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வரும். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட் பங்களாவில் கொள்ளை நடந்த இரவில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார். பிழைப்புக்காக நேபாளத்திலிருந்து வந்தவர். வழக்கின் உள்ளே நான் போகவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. நான் சொல்ல வருவது நம் பேச்சைப் பற்றி. அந்தப் பங்களா யாருடையது என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே என்ன இருந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். செத்தவர் யார், அவருக்கு ஊரில் யார் இருந்தார்கள், அந்தக் குளிரில் இரவுக் காவலுக்கு என்ன கூலி வாங்கினார் என்று எத்தனை பேர் கேட்டோம்? ஒரு கொலை நடந்திருக்கிறது, கொலையுண்டவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம் என்றால், கதை கேட்கும் நம் பழக்கத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறைச் சரிசெய்த ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் உண்டு. பார்பரா நீலி. 1992இல் வந்த ‘பிளான்ச் ஆன் தி லாம்’ அவருடைய முதல் நாவல். துப்பறிபவள் பிளான்ச், வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண். செக் மோசடி வழக்கில் சிறைத் தண்டனைக்குத் தப்பியோடி, ஒரு பணக்காரக் குடும்பத்தில் சமையல் வேலைக்குப் புகுந்துகொள்கிறாள். அந்த வீட்டில் குற்றம் நடக்கிறது. வேலைக்காரி நிற்பதை யாரும் ஆள் நிற்பதாகவே நினைப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே பேசுகிறார்கள். எந்தத் தட்டில் சாப்பாடு மிச்சமானது, எந்தப் படுக்கை கசங்கவில்லை, எந்தச் செருப்பில் ஈர மண் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இரண்டு நூற்றாண்டாகப் பங்களாக்கள் நிறைந்த மலை இது. சமையல்காரர், பட்லர், ஆயா, தோட்டக்காரர், விறகு உடைப்பவர் என்று தலைமுறை தலைமுறையாகப் பின்கட்டில் வாழ்ந்தவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து இன்றைய ரிசார்ட் முதலாளிகள் காலம் வரை அவர்கள் பார்த்ததும் கேட்டதும் எவ்வளவு! முன்வாசல் வழியாக எழுதப்பட்ட பங்களாக் கதைகள் ஏராளம். பின்வாசல் வழியாக ஒன்றை எழுதிப் பாருங்கள். கதை தலைகீழாக மாறும்.

அடுத்து எஸ்டேட் லைன். 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் நாலைந்து தலைமுறையாகத் தேயிலை வளர்த்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரு அரசுகள் பேசி முடித்தன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அவர்களில் பலர் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. தாயகம் திரும்பியோர் என்று அரசு எழுதியது. சிலோன்காரர்கள் என்று ஊர் சொன்னது. இலங்கையில் இந்தியாக்காரர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஒரு லைனைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். பல லைன்களில் அந்தச் சுவர் கூரை வரை போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். ராத்திரி புருஷன் பெண்டாட்டிச் சண்டை, கடன்காரன் வந்து போட்ட சத்தம், குடித்துவிட்டு வந்தவன் அழுத அழுகை எல்லாம் எல்லாருக்கும் தெரியும். விடிந்ததும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே நிரையில் போய் நிற்பார்கள். யாரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அங்கே கௌரவம் அப்படித்தான் காப்பாற்றப்படுகிறது. இப்போது அந்த லைனில் ஒரு சாவு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி ஒன்று சொல்கிறார், ஆபீஸ் ஒன்று சொல்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. அவள் சொல்வாளா? 200 பக்கம் வாசகரைப் பிடித்து வைக்க இந்த ஒரு கேள்வி போதாதா?

வீட்டை வைத்தே குற்றக்கதை எழுதியவர் வால்டர் மோஸ்லி. 1990இல் வந்த ‘டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்’ நாவலில், 1948ஆம் வருஷத்து லாஸ் ஏஞ்சலஸ். இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஈஸி ராலின்ஸுக்கு விமானத் தொழிற்சாலை வேலை போய்விடுகிறது. சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறான், மாதத் தவணை கட்ட வேண்டும். கறுப்பினத்தவர்கள் கூடும் இடங்களுக்குள் தன்னால் நுழைய முடியாது என்பதால், ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்காரன் அவனைக் கூலிக்குப் பிடிக்கிறான். வீட்டைக் காப்பாற்றத்தான் ஈஸி துப்பறிபவன் ஆகிறான். புகழுக்காக அல்ல, பொழுதுபோக்குக்காகவும் அல்ல. கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே புரியும். 1969இல், ஜென்மி நிலவுடைமையை ஒழிக்கும் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் முடிவாகாமல் கிடக்கும் செக்‌ஷன் 17 நிலம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அங்கே வீடு கட்டி வாழ்ந்தவர்கள் பட்டாவுக்கும் கரண்ட்டுக்கும் எத்தனை வருஷம் நடந்தார்கள்! கரண்ட் இல்லாத வீடு, வாசலில் யானை, கையில் செல்லாத ஒரு காகிதம், அதை விற்றுவிட்டுப் போன ஒரு புரோக்கர். நில மோசடிக் கதைக்கு இதைவிட என்ன களம் வேண்டும்?

துப்பறிபவர் யார் என்ற கேள்விக்கும் மலையிலேயே விடை இருக்கிறது. 2021 அக்டோபரில், ஆட்களைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 என்ற புலியை மசினகுடிப் பகுதியில் பிடித்தார்கள். ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய் எல்லாம் வந்தன. அவற்றோடு பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் போனார்கள். மடிந்த புல்லையும் ஈர மண்ணில் பதிந்த காலடியையும் பார்த்து, எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்பவர்கள். தடயத்தைப் படிப்பது துப்பறிவாளரின் முதல் தகுதி என்றால், அந்தத் தகுதி இந்தக் காட்டில் பல தலைமுறையாக இருக்கிறது. நம் கதைகளில் அவர்களுக்கு இன்னும் வழிகாட்டி வேடம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பேட்டையைப் பற்றிக் குற்றக்கதை எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. கதையில் வரும் குற்றம் அங்கே வாழும் எல்லார் நெற்றியிலும் ஒட்டிக்கொள்ளும். டெட்ராய்ட்டில் டொனால்ட் கோய்ன்ஸ் என்ற எழுத்தாளர் இருந்தார். போதைக்கு அடிமையாகி, சிறை சென்று மீண்டு, சில ஆண்டுகளுக்குள் 16 நாவல்கள் எழுதினார். 1974இல் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை துலங்கவே இல்லை. அவர் எழுத்தில் பொய் கிடையாது. ஆனால் அந்த வகைப் புத்தகங்களைப் பதிப்பகங்கள் விற்ற விதத்தில், கறுப்பினப் பேட்டை என்றாலே போதையும் துப்பாக்கியும்தான் என்ற பிம்பமும் சேர்ந்து விற்பனையானது.

நமக்கு இது புதிதல்ல. 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறக்கும்போதே குற்றவாளி என்று மக்கள் கூட்டங்களையே எழுதி வைத்த நாடு இது. சட்டம் போய்விட்டது, பார்வை போகவில்லை. ஊட்டியில் காந்தல் என்று சொன்னால் சிலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். குருசடித் திருத்தலம் இருக்கும் ஊர், கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் விடிகாலையில் கிளம்பிப் போகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஊர். ஒரு திருட்டு நடந்தால் முதலில் அங்கேதான் ஜீப் போகும் என்றால், அந்த ஜீப்பைப் பற்றியும் கதை எழுத வேண்டும். பேட்டைக்குள் நின்று எழுதுவது என்பதற்கு அர்த்தம் அதுதான். குற்றம் செய்தவனை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. அவனுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர்களையும், அவனைத் திருத்தப் பார்த்த தாயையும், தப்பே செய்யாமல் அடி வாங்கியவனையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அப்படி எழுத முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். மலைக்குக் கீழே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், செய்யாத குற்றத்துக்காக ஆந்திராவில் போலீஸ் காவலில் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற புத்தகமாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ தேசிய விருது பெற்றது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. அந்தக் கதையில் யார் திருடியது என்பது முக்கியமே இல்லை. நாங்கள் திருடவில்லை என்று அடிவாங்கிக்கொண்டே சொல்கிறவர்களின் பேச்சு எடுபடுமா என்பதுதான் பதைபதைப்பு. ஹைம்ஸ் சிறையிலிருந்து எழுதினார், சந்திரகுமார் லாக்கப்பிலிருந்து திரும்பி வந்து எழுதினார். இருவருக்கும் நடுவில் ஒரு கடலும் அரை நூற்றாண்டுக்கும் மேலான காலமும் இருந்தாலும், இருவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம் சில வார்த்தைகள். உங்களில் லைனில் பிறந்து கல்லூரிக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். படுகர் ஹட்டியிலிருந்து வந்தவர்கள், பழங்குடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குக் குற்றக்கதை படிக்கப் பிடிக்கும். அதை எழுதவும் தயங்காதீர்கள். அது மட்டமான வகை என்று யாராவது சொன்னால், ஹைம்ஸின் பெயரையும் ஃபிஷரின் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் பாட்டியிடம் பேசுங்கள். மண்டபம் முகாமில் என்ன நடந்தது, குடும்ப அட்டையில் இருந்த பெயரும் வந்திறங்கிய ஆளும் ஒன்றுதானா, எந்தச் சாவை யாரும் பேசாமல் விட்டார்கள் என்று கேளுங்கள். மாவட்டத்தின் பழைய ஆவணங்களைத் தேடிப் படியுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தாமல், பெயர் மாற்றி, இடம் மாற்றி எழுதுங்கள். ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். படுகு கலந்த தமிழோ, சிலோன் தமிழோ, மலையாளம் கலந்த கூடலூர்த் தமிழோ, அப்படியே வரட்டும்.

ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கெட் நாவல்களை அலமாரிக்குப் பின்னால் தள்ளாதீர்கள். ஒரு மாணவன் எதை ஆசையோடு படிக்கிறானோ அங்கிருந்துதான் அவன் எழுதத் தொடங்குவான். ஹைம்ஸ், மோஸ்லி, நீலி ஆகியோரின் நாவல்களில் ஒன்றிரண்டையாவது நல்ல தமிழில் கொண்டுவர மொழிபெயர்ப்பாளர்கள் முன்வர வேண்டும். அவற்றைப் படிக்கும் எஸ்டேட் பிள்ளைக்கு, தன் லைனும் ஒரு நாவலுக்குப் போதுமான இடம்தான் என்று தெரியும்.

குற்றக்கதை நீதிமன்றம் அல்ல. அதனால் யாரையும் தண்டிக்க முடியாது, செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. ஆனால் சாட்சிக் கூண்டு வரைக்கும் வர முடியாமல் போனவர்களின் பேச்சை, 300 பக்கத்துக்குக் குறுக்கிடாமல் கேட்க வைக்க அதனால் முடியும். 1900இல் கொல்லப்பட்ட அந்தக் குறும்பர் குடும்பத்துக்காகப் பேச அன்று ஒருவரும் இல்லை. இன்று எழுதத் தெரிந்தவர்கள் இந்த மலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். எழுதாமல் இருப்பதற்கு இனி நமக்குக் காரணம் எதுவும் இல்லை.